இடப்பக்கச் சங்கிலி

கோடு மறுபடியும் உடைந்திருந்தது.

டிசைனர் தரையில் முழங்காலிட்டு, கைபேசி வெளிச்சத்தைப் பந்தய சைக்கிளின் அடிவயிற்றில் அடித்துப் பார்த்தாள். நேற்றுக் காலை, பயிற்சிக்கு முன்னால், தன் நகப்பூச்சைக் கொண்டு அவளே போட்ட சிவப்புக் கோடு அது. பாதி ஃபிரேமின் மேல், பாதி கப்பின் மேல், ஒரே நேர்க்கோடாக நிற்க வேண்டியது. இப்போது சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கப் என்பது பெரிய சங்கதி இல்லை. பெடல்களை இணைக்கிற அச்சு ஃபிரேமுக்குள் ஒரு குழாயில் ஓடுகிறதல்லவா, அந்தக் குழாயின் இரண்டு வாயிலும் திருகி வைக்கிற உலோக மூடி. பேரிங் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். தெருவில் ஓடுகிற சைக்கிளில் அது தளர்ந்தால் கடக் கடக்கென்று சத்தம் வரும். கடைக்காரர் ஒரு முறுக்கு முறுக்கி அனுப்பிவிடுவார்.

இது தெரு சைக்கிள் இல்லை. வெலோட்ரோம் என்ற வட்டத்தளப் பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி. பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வென்பதே இல்லை. கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சாய்ந்து நிற்கிற மரத்தளத்தில் பறக்கும்போது கப் தளர்ந்து, அச்சு ஆடி, சங்கிலி பல்லை விட்டு நழுவினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவளை அப்புறம் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

ஓட்டப்போகிறவள் சிட்டு. பெயர்தான் சிட்டு, தொடை இரண்டும் தூண். நாளைக்கு இறுதிப் போட்டி.

தானாகத் தளர்ந்திருக்குமோ என்ற கேள்வியே டிசைனருக்கு வரவில்லை. வரைபடம் அவளுடையது, கணக்கு அவளுடையது. ஓட ஓட இறுகுகிற மாதிரிதான் கப்பின் திருகு மரையை வெட்டச் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் ஒரே வழிதான் மிச்சம். இரவில் யாரோ இந்த அறைக்குள் வந்து, ஸ்பேனர் வைத்துத் தளர்த்தியிருக்கிறார்கள்.

அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவள் கழுத்தில் தொங்கியது. இன்னொன்று...

"என்ன மச்சினி, காலங்காத்தால வண்டி காலைப் பிடிச்சுக் கெஞ்சிட்டிருக்க?"

அத்தான் கதவில் சாய்ந்து நின்றார். அக்காவின் புருஷன், அணியின் மெக்கானிக். அவரை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே அவள்தான். இன்னொரு சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கப் தளர்ந்திருக்கு அத்தான்."

"மறுபடியுமா?"

கேள்வியில் வியப்பு இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"நேத்து நீங்கதான கடைசியா வண்டியைத் தொட்டீங்க?"

"நான்தான் தொடைச்சேன், நான்தான் தூக்கி மாட்டினேன், நான்தான் பூட்டினேன். வேற என்ன, தாலாட்டும் பாடணுமா?" பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தபடி குனிந்தார். "தள்ளு, முறுக்கிடறேன்."

"வேண்டாம். நானே முறுக்கிக்கறேன்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஸ்பேனரை அதன் இடத்தில், சத்தமே வராமல், வைத்தார்.

இந்த வண்டியின் விசேஷமே சங்கிலி இடது பக்கம் இருப்பதுதான். உலகத்துச் சைக்கிளெல்லாம் வலது பக்கம் சங்கிலியோடு ஓட, இவள் மட்டும் ஏன் மாற்றினாள்? வெலோட்ரோமில் வண்டி இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து சுற்றும். பல்சக்கரம், சங்கிலி என்ற காற்றைக் கலைக்கிற சாமான்களை உள்பக்கம் தள்ளிவிட்டு, வெளிப்பக்கத்தை வழுக்குப்பாறை மாதிரி விட்டுவிட்டால்? காற்றை வேகமாக வீசிப் பார்க்கிற காற்றுச் சுரங்கத்தில் வண்டியை நிறுத்திச் சோதித்தபோது கிடைத்த லாபம் தலைமுடியளவு. தலைமுடியளவில்தான் இங்கே தங்கமும் வெள்ளியும் பிரிகின்றன.

அதனால்தான் எதிரிகளுக்கு இதன்மேல் கண். முக்கியமாக மஞ்சள் அணிக்கு. அவர்களுடைய கோச், வண்டியைத் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு போனால்கூட, துணிக்குள் கண்ணை விடுகிற ஆள்.

அந்த மஞ்சள் கோச்சும் அத்தானும் அன்று மத்தியானம் கேன்டீனின் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டிசைனர் காபி மிஷினுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பேச்சு கேட்கவில்லை. கோச் கையை நீட்டினார். அத்தான் பிடித்துக் குலுக்கினார். கோச் ஏதோ சொல்ல, அத்தான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

காபி வழிந்து விரலைச் சுட்டது. வேலியே பயிரை மேய்கிறதா?

மாடிப்படிக்குக் கீழே நின்று அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, அத்தான் வீட்ல எப்படி இருக்காரு?"

"உன் கண்ணு முன்னாடிதானேடி பகல் பூரா இருக்காரு, என்னைக் கேக்குற?"

"சும்மா சொல்லேன்."

"என்னமோ போ. போன் வந்தா பால்கனிக்கு ஓடறாரு. கதவை வேற சாத்திக்கறாரு. என்னங்க, இந்த வயசுல சின்ன வீடான்னு கேட்டேன். பெரிய வீட்டையே சமாளிக்க முடியலங்கறாரு." அக்கா சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. "ஏன் குட்டி, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லக்கா."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

அணி மேனேஜர் தன் நிழல் பின்னால் வந்தாலும் திரும்பி நின்று முறைக்கிற ரகம். சிட்டு குடிக்கிற தண்ணீர் பாட்டிலை அவரே சீல் உடைப்பார். அப்படிப்பட்டவர் காதில் உடைந்த கோடு, இரண்டாவது சாவி, மஞ்சள் கோச், பால்கனி போன் என்று நாலையும் போட்டால் என்ன ஆகும்? மூக்குப்பொடி போட்டவர் மாதிரி சிலிர்த்து எழுந்தார்.

"நான் அப்பவே நெனச்சேன்! உங்க சொந்தமாச்சேன்னு வாயை மூடிட்டிருந்தேன்."

வண்டி அறையில் அத்தான் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கையை நீட்டினார்.

"என்ட்ரி பாஸ். சாவி. ரெண்டையும் எடுங்க."

அத்தான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

"நீயா சொன்ன?"

"கப்பை யாரு தளர்த்துறா அத்தான்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மஞ்சள் கோச்கூட என்ன கைகுலுக்கல்?"

"அடுத்த சீசன் அவங்ககிட்ட வேலைக்கு வர்றேன்னு சொன்னேன். அதுக்குக் கைகுலுக்காம, காலையா குலுக்குவாங்க?"

"கேட்டீங்களா! வாயாலயே ஒத்துக்கிட்டான்!" மேனேஜர் துள்ளினார்.

"வேலைக்குப் போறேன்னுதான்யா ஒத்துக்கிட்டேன். கப்பைத் தொட்டேன்னு இல்ல." அத்தான் துணியை மடித்தார், ஒழுங்காக, மூலைக்கு மூலை. "ஏன் போறேன்னு கேளு மச்சினி. இந்த ஃபிரேம் வந்த அன்னைக்கு, வலது கப்பை இடதுல மாட்டச் சொன்ன. எதுக்குன்னு கேட்டேன். என்ன சொன்ன? 'இந்த வண்டியில எல்லாமே தலைகீழ் அத்தான், கேள்வி கேக்காம மாட்டுங்க'ன்ன. அன்னையிலருந்து நான் கேக்கல. கேள்வி கேக்காம மாட்டறதுக்கு மெக்கானிக் எதுக்கு? ஸ்பேனரே போதுமே."

சாவி மேஜையில் விழுந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அந்தச் சாவியை எடுத்துக் கழுத்தில் இருந்ததோடு கோத்துக்கொண்டாள். அடியில் எங்கோ ஒரு நிம்மதி இருந்தது. திருடன் போயாச்சு.

மறுநாள் காலை அவள் யாரையும் அறைக்குள் விடவில்லை. கப்பைத் தானே முறுக்கினாள். புதுக் கோடு போட்டாள். நகப்பூச்சு காய்கிறவரை ஊதிக்கொண்டே உட்கார்ந்தாள். வண்டியைத் தானே தளத்துக்குத் தள்ளிப்போனாள். சிட்டு ஏறினாள். சுற்று, வேகச் சுற்று, நின்ற இடத்திலிருந்து எம்பிக் கிளம்புகிற பயிற்சி. டிசைனர் கண்ணைச் சிமிட்டவில்லை.

இறங்கும்போது சிட்டு மூக்கைச் சுளித்தாள். "அக்கா, காலுக்கடியில எலி ஓடற மாதிரி இருக்கு."

டிசைனர் குனிந்தாள்.

கோடு உடைந்திருந்தது.

மரத்தளத்தின் விளக்கெல்லாம் ஒரு கணம் மங்கின மாதிரி இருந்தது. யாரும் தொடவில்லை. அவளைத் தவிர, சிட்டுவைத் தவிர, ஒரு ஈகூட இந்த வண்டியை நெருங்கவில்லை. சிட்டுவா? ஓடுகிற வண்டியில் குனிந்து கப்பைத் திருக அவளென்ன சர்க்கஸ்காரியா? சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோய், சந்தேகம் மட்டும் மிச்சமாக நின்றது.

வண்டியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மறுபக்கத்துக் கப்பையும் பார்த்தாள். அங்கே கோடு போட அவளுக்குத் தோன்றவே இல்லை. விரலால் தொட்டாள். அதுவும் அசைந்தது. இரண்டுமே. எந்தத் திசையில்? இரண்டுமே பெடல் சுற்றுகிற திசைக்கு நேர் எதிராக.

அவள் கை தானாக மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்தது. இடது கைவிரல்களை வளையமாக மடக்கி, பென்சிலை அதற்குள் தொளதொளவென்று விட்டு, நுனியைப் பிடித்து வட்டமாகச் சுழற்றினாள். வளையத்தின் சுவரில் உரசிக்கொண்டே ஓடிய பென்சில், சுழற்றிய திசைக்கு எதிராக மெல்ல மெல்லத் தன்னையே திருகிக்கொண்டது.

"அய்யோ," என்றாள். சத்தமாகவே.

சாதாரணச் சைக்கிளில் வலது கப்புக்கு மட்டும் எதிர் மரை. எல்லாவற்றையும் கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் இறுகும். அந்த ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். சங்கிலி வலது பக்கம் இருப்பதால்தான் அந்த ஏற்பாடு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால் சங்கிலியை இடதுக்கு மாற்றியபோது எதிர் மரையையும் கூடவே இடதுக்கு மாற்றினாள். பின்சக்கரப் பல்லுக்கு அப்படி மாற்றத்தான் வேண்டும். அதைச் சங்கிலி இழுக்கிறது. கப்பைச் சங்கிலியா இழுக்கிறது? அதற்குள் அச்சு சுற்றுகிறது, அந்த உரசல் கப்பை எதிர்த்திசையில் நெட்டுகிறது. சங்கிலி எந்தப் பக்கம் இருந்தாலும் கால் முன்பக்கமாகத்தானே மிதிக்கும்! கண்ணாடியில் பார்த்த மாதிரி முழு வண்டியையும் புரட்டியிருந்தாள். கால் மட்டும் கண்ணாடிக்குள் வரவில்லை.

காற்றுச் சுரங்கத்தில் இது தெரியவில்லை. அங்கே யாரும் எம்பி மிதிக்கவில்லை.

தளர்த்தியது அத்தான் இல்லை. மஞ்சள் அணி இல்லை. ஒவ்வொரு மிதியிலும் சிட்டுதான் தளர்த்திக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல், டிசைனர் போட்டுக் கொடுத்த கணக்குப்படி.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி.

"புரியுது," என்றார். "அக்கா அழுதாங்களா?"

"என்னது?"

"நேத்து மச்சான் திருடன். ராத்திரி வீட்ல ஒரு பஞ்சாயத்து. இன்னைக்கு மச்சான் உத்தமன், மரைதான் திருடன். நான் காதுல பூவோடயா நிக்கறேன்?"

"சார், பென்சிலை வெச்சுக் காட்டறேன், பாருங்க..."

"பென்சிலை வெச்சு எங்க வீட்டுப் பையன்கூட வித்தை காட்டுவான். திருடன் வெளியில போயாச்சு. கப்பை நல்லா முறுக்கி, பசை போட்டு ஒட்டுங்க."

"பசை இறுக ஒரு முழு நாள் வேணும். வார்ம்-அப் முடியறதுக்குள்ளயே அது ஆட ஆரம்பிச்சுடும். சங்கிலி கழண்டா சிட்டு..."

"ஸ்பான்சர் மேல கேலரில உக்காந்திருக்காரு. இடப்பக்கச் சங்கிலியைப் பாக்கத்தான் வந்திருக்காரு." மேனேஜர் வண்டியின் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டார். "இனி நீங்களும் தொட வேண்டாம்."

சிட்டு அணியின் கூடாரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவை இறுக்கிக்கொண்டிருந்தாள். டிசைனர் அவள் முன்னால் குத்துக்காலிட்டாள்.

"சிட்டு, அந்த வண்டியில ஏறாத. தப்பு என்னோடது. பழைய வண்டியை எடுத்துக்கோ."

சிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் பயமில்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. இவளை எடை போட்டுப் பார்த்தாள்.

"நேத்து அவர் தப்புன்னீங்க. இன்னைக்கு உங்க தப்புங்கறீங்க. நாளைக்கு என் தப்பும்பீங்களா? எந்த அக்காவை நான் நம்பறது? பழைய வண்டி மெதுவா ஓடும்னு நீங்கதான ஊரெல்லாம் சொன்னீங்க."

வேறு யார் சொன்னால் கேட்பாள்? டிசைனர் எழுந்து, வட்டத்தளத்தின் நடுமைதானத்தைக் குறுக்கே கடந்து, மஞ்சள் அணியின் கூடாரத்துக்குப் போனாள்.

அத்தான் அடுத்த சீசனுக்குக் காத்திராமல் அங்கே இருந்தார். மஞ்சள் கோட்டு போட்டிருந்தார், தோளில் இறுக்கமாக. யாரோ ஒருவனின் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒரு நிமிஷம் வாங்க."

"எதுக்கு? கழட்டவா, மாட்டவா?"

அவள் சொன்னாள். பென்சில் இல்லாததால் அவர் விரலையே பிடித்துச் சுழற்றிக் காட்டினாள். மன்னிப்பைக் கடைசியில் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் அவர் பம்பைக் கீழே போட்டுவிட்டார்.

"வலது கப்பு எதிர் மரை," என்றார், தனக்குத்தானே. "இத்தனை வருஷமா கை பாட்டுக்கு முறுக்குது. ஏன்னு எனக்கும் தெரியாது மச்சினி. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உன்னை உலுக்கியிருப்பேன்." நடக்க ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு ஏறிட்டாளா?"

மஞ்சள் கோட்டு தங்கள் கூடாரத்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் மேனேஜருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"வந்துட்டாங்க பாரு ஜோடி போட்டுக்கிட்டு! வேகமான வண்டியை விட்டு இறக்கறதுக்கு எதிராளியே ஆள் அனுப்பறான்!"

அத்தான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நான் எதையும் தொடல. சார் சொல்றது நியாயம்தான், என்னை நம்ப வேண்டாம். என் மச்சினியையும் நம்ப வேண்டாம். எங்களுக்குள்ளயே நாங்க நம்பிக்கல." சிட்டுவைப் பார்த்தார். "அம்மா, நீயே முறுக்கு. அந்த ஸ்டாண்டுல மாட்டி, நீயே எம்பி மிதி. நீயே விரல் வெச்சுப் பாரு. சாரு பக்கத்துலயே நிக்கட்டும்."

சிட்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்பேனரை வாங்கினாள். முகம் சிவக்க முறுக்கினாள். வண்டியை வார்ம்-அப் ஸ்டாண்டில் மாட்டி, சக்கரத்துக்குக் கனமான தடை வைத்து ஏறினாள். மெதுவாக ஆரம்பித்து, எம்பி நின்று, மிதித்தாள். வியர்வை தரையில் சொட்டியது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு அத்தானின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் மெல்லிய 'டிக்' சத்தம் வந்தது. அப்புறம் இன்னொன்று.

சிட்டு இறங்கினாள். குனிந்தாள். ஸ்பேனர் எடுக்கவில்லை. இரண்டு விரலால் கப்பைப் பிடித்துத் திருப்பினாள்.

ஜாம் பாட்டில் மூடி மாதிரி அது திரும்பியது.

"பழைய வண்டியைக் கொண்டாங்க," என்றாள்.

பழைய வண்டி, வலது பக்கச் சங்கிலி. சிட்டு உயிரைக் கொடுத்து ஓட்டினாள். கடைசிச் சுற்றில் மஞ்சள் சட்டைக்காரியோடு தோளுக்குத் தோள் வந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது தலைமுடியளவு பின்னால் இருந்தாள். மூச்சு வாங்க, முழு உடம்போடு, சொந்தக் காலில் நடந்து வந்து வெள்ளியை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் டிசைனரின் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள்.

மேனேஜர் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. "குடும்பமா சேர்ந்து வித்துட்டீங்க," என்றார். "நிரூபிக்க முடியாது. ஆனா எனக்குத் தெரியும். திங்கக்கிழமைலருந்து வர வேண்டாம்." ஆடுகிற கப்பைத் தன் கண்ணால் பார்த்த மனிதர்தான். ஸ்டாண்டில் மாட்டும்போது ஏதோ செய்துவிட்டார்கள் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருப்பார்.

வண்டி நிறுத்துமிடத்தில் அத்தான் மஞ்சள் அணியின் வேனில் தன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கைப்பிடியைப் பிடிக்கப் போனாள். அவர் பெட்டியை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

"அத்தான், மன்னிச்சுடுங்க."

"ம்."

"வீட்டுக்குத்தான போறீங்க? என் கார்ல வாங்க. நான் கொண்டுபோய் விடறேன்."

"உன் கார்லயா?" அவர் வேன் கதவைச் சாத்தினார். முகத்தில் பழைய குறும்பு ஒரு கணம் எட்டிப் பார்த்தது. உடனே திரும்பிப் போய்விட்டது. "சக்கரம் எந்தப் பக்கம் மரைன்னு தெரியாம நான் எதுலயும் ஏறறதில்ல. பஸ்ல போயிக்கறேன்."

போய்விட்டார். மஞ்சள் கோட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து சின்னதாகிக்கொண்டே போனது.

அவள் காரில் ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது. அக்கா.

"குட்டி, போட்டி முடிஞ்சுதா? அவரு போனையே எடுக்கல. உங்கூடதான வர்றாரு?"

"இல்லக்கா. பஸ்ல வர்றாரு."

"பஸ்லயா? ஏன், உன் கார் என்னாச்சு?"

அவள் சாவியை இன்னும் திருப்பவில்லை. கண்ணாடி வழியே நிறுத்தத்தைப் பார்த்தாள். பஸ் வந்து, மஞ்சளை விழுங்கிக்கொண்டு, கிளம்பியது.

"கார் நல்லாத்தான் இருக்குக்கா," என்றாள். "நான் நேத்து உங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல? அதுலருந்து ஆரம்பிக்கறேன். குறுக்க பேசாம கேளு."